தேனீக்குக் கட்டம் இல்லாத படிவம்

எங்கள் வட்டாரத்து மாடித்தோட்டக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சிற்றிதழுக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தோட்டக்கலை அலுவலகத்திலிருந்து நிர்மலா தொலைபேசியில் கேட்டார். நான் ஓய்வு பெற்ற வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர். மரியாதை தெரிந்த பெண்.

"சார், சீசன் வாரியா என்ன நடலாம், பட்டாம்பூச்சி, குருவி எல்லாம் வர்ற மாதிரி தோட்டம் எப்படிப் போடலாம்னு சிம்பிளா ரெண்டு பக்கம் குடுங்க. உங்க எக்ஸ்பீரியன்ஸும் கொஞ்சம் கலந்துடுங்க."

கூடவே, வயலைப் பார்வையிடும் படிவம் இப்போது கைப்பேசிச் செயலியாக மாறிவிட்டதாகச் சொல்லி, அதன் படங்களை எனக்கு அனுப்பி, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். மூன்று தடவை படித்தேன். என் காலத்துக் காகிதப் படிவத்தில் பதினொரு கட்டங்கள். இதில் பதினான்கு. கூடிய மூன்றும் புகைப்படத்துக்கு. எது விட்டுப்போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை ஒரு வரியில் எழுதி அனுப்பிவிட்டேன். 'மேலே கேட்டுப் பாக்குறேன் சார்' என்று பதில் வந்தது. அது வந்து பத்தொன்பது நாள் ஆகிறது.

முதலில் அவர் கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன்.

நம் பக்கத்தில் ஆடியில் விதைப்பது சரிதான். ஆனால் மாடியில் ஆடிக் காற்று நாற்றை ஒடித்துவிடும். பதினெட்டாம் தேதி கழியட்டும், பிறகு அவரையும் கத்தரியும் போடுங்கள். ஐப்பசி மழையில் எதையும் நடாதீர்கள். தொட்டிகளின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். என்னிடம் நாற்பத்தொரு தொட்டிகள். போன மழையில் ஆறில் துளை அடைத்துக்கொண்டது. ஆறு செடிகளும் அழுகின. மல்லிகையைக் கார்த்திகைக் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். மனசு வராது. வெட்டுங்கள். பங்குனி பிறந்ததும் ஒரு அகலமான சட்டியில் தண்ணீர் வையுங்கள். உள்ளே நாலைந்து கூழாங்கல் போட மறக்கக் கூடாது. தேனீ குடிக்க வந்தால் நிற்க இடம் வேண்டும், இல்லாவிட்டால் மூழ்கிவிடும்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒரு புழு ஒட்டிக்கொண்டிருக்கும். அருவருப்பாக இருக்கும். நசுக்காதீர்கள். அது பச்சையாகி, கூடாகி, கறுப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டாம்பூச்சி புறப்படும். ஒரு செடியை அதற்கென்றே விட்டுவிடுங்கள். நான் விட்டிருக்கிறேன். போன வருஷம் பதினேழு புறப்பட்டன. இரண்டு, கூட்டிலேயே காய்ந்துபோயின. குழம்புக்குக் கறிவேப்பிலை கடையில்தான் வாங்குகிறோம். என் மனைவிக்கு அதில் வருத்தம் உண்டு.

நிர்மலா கேட்டது இவ்வளவுதான். 'கொஞ்சம் கலந்துடுங்க' என்றாரே, அந்த அனுபவம் இனிமேல் வருகிறது. இரண்டு பக்கத்தைத் தாண்டும். வெட்ட வேண்டுமானால் மேலே உள்ளதை வெட்டட்டும்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு வருஷப் பட்டயப் படிப்பு, ஏழு ஊர்களில் வேலை, மொத்தம் முப்பத்திரண்டு வருஷம். அதில் கடைசிப் பதினொன்று காஞ்சிபுரத்தில். எனக்கு எண்ணத் தெரியும் என்பதுதான் என் ஒரே தகுதி. ஒரு வயலில் பூச்சி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு முறை உண்டு. வரப்பிலிருந்து ஐந்தடி உள்ளே தள்ளி நிற்க வேண்டும். அங்கிருந்து வளைந்து வளைந்து நடந்து, பத்துச் செடிகளைப் பார்க்க வேண்டும். செடியை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது. இருபது அடி எடுத்துவைத்ததும் காலுக்கு முன்னால் எது இருக்கிறதோ அதுதான். மேல் இலை ஒன்று, நடு இலை ஒன்று, கீழ் இலை ஒன்று. நிழல் இலையின் மேல் விழாமல் குனிய வேண்டும், விழுந்தால் வண்டு பறந்துவிடும். எண்ணிக்கை படிவத்தில் சொன்ன எல்லையைத் தாண்டினால் மருந்து எழுதலாம், தாண்டாவிட்டால் கூடாது. பல பேர் டீக்கடையில் உட்கார்ந்து இந்தக் கட்டங்களை நிரப்பினார்கள். நான் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருவது பொய்க் கணக்கால் நடந்ததல்ல, சரியான கணக்கால் நடந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் உதவி இயக்குநர் பார்த்தசாரதி சார், சின்ன காஞ்சிபுரத்துக்காரர். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தால் முதலில் கூட்டுத்தொகையைப் பார்ப்பார். பிறகு கீழிருந்து மேலாக ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்ப்பார். பிறகுதான் எழுத்தைப் படிப்பார். பச்சை மைப் பேனாவின் மூடியைக் கழற்றி மேஜையில் வைத்தால் கையெழுத்து உறுதி. கழற்றின மூடியைத் திரும்ப மாட்டினால் இல்லை. 'முடியாது' என்று அவர் வாயால் சொல்ல மாட்டார். 'க்ளிக்' என்று மூடி விழும் சத்தம்தான் பதில். அந்தச் சத்தத்துக்கு, அவருக்குக் கீழே வேலை செய்த நாங்கள் நான்கு பேரும் பயந்தோம். அவர் நல்லவர். யார் வீட்டில் உடம்பு சரியில்லை என்றாலும் விசாரிப்பார். இப்போது அவர் உயிரோடு இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்து வருஷம் முந்திய கதை இது.

திருப்புட்குழியில் சம்பூர்ணம் என்றொரு பெண்மணி. அப்போது நாற்பது வயது இருக்கும். கணவர் இறந்து நாலு வருஷம். தொண்ணூறு சென்ட் நிலமும் ஒரு கிணறும் அவருக்கும் கணவரின் இரண்டு தம்பிகளுக்கும் பொது. தம்பிகளில் மூத்தவர் வாலாஜாபாத்தில் இரும்புக் கடை வைத்திருந்தார். இளையவர் வேன் ஓட்டினார். இருவருக்கும் நிலத்தை மனைப்பிரிவுக்குக் கொடுத்துவிட ஆசை. சம்பூர்ணத்துக்கு இல்லை. கடைசியில் ஊரில் பெரியவர்களை வைத்துப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இந்த ஒரு போகம் அண்ணி தனியாகப் பயிர் வைக்கட்டும், விளைந்தால் நிலம் நிலமாக இருக்கும், விளையாவிட்டால் விற்றுவிடுவது.

அவர் வைத்தது கல்யாணப் பூசணி. நன்றாக யோசித்துத்தான் வைத்தார். ஆயுத பூஜை அன்று தறிக்குப் பொட்டு வைத்துப் படையல் போட்டு, வாசலில் ஒரு பூசணிக்காய் உடைக்காத நெசவு வீடு இந்த ஊரில் கிடையாது. வைகாசி தொடக்கத்தில் விதைத்தால் புரட்டாசியில் காய் முற்றும். அவருடைய மாமனார் காலத்திலிருந்து ஒரு நெசவுத் தெரு முழுக்க இவர்கள் வீட்டுக் காய்தான். அலுவலகத்துக்கு வந்து, தன் நிலத்தைச் செயல்விளக்கத் திடலாக எடுத்துக்கொள்ளும்படி அவரே கேட்டார். அரசாங்கப் பலகை ஒன்று தலைவரப்பில் நின்றால், நடுவில் வந்து யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. பலகையை நான்தான் நட்டேன். அதில் சம்பூர்ணத்தின் பெயர் மேலேயும் என் பெயர் கீழேயும் இருந்தன.

கொடி அருமையாகப் படர்ந்தது. ஆனி கடைசியில் ஆண் பூக்கள், ஒரு வாரம் கழித்துப் பெண் பூக்கள். பெண் பூவுக்கு அடியில் சுண்டுவிரல் நுனியளவு ரோமத்தோடு ஒரு பிஞ்சு இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நெசவாளர் இருந்தார். அவரிடம் கழிவுப் பட்டு நூல் வாங்கிப்போய், ஒவ்வொரு பெண் பூ வந்த கணுவிலும் சிவப்பாக ஒரு முடிச்சுப் போட்டேன். எண்ணிக்கை தவறாமல் இருக்க இது என் வழக்கம். அந்த வயலில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு முடிச்சுகள்.

அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு குழு வியாழக்கிழமை பத்து மணிக்குத் திடலைப் பார்க்க வருகிறது என்று தகவல் வந்தது. பத்து நாள் அவகாசம். படிவத்தின் நான்காவது கட்டம், 'வரப்பு சுத்தம்: உண்டு / இல்லை.' அந்த வரப்பில் தும்பை, காட்டுத் துளசி, நாயுருவி, ஆவாரை எல்லாம் முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடந்தன. வெட்டச் சொன்னேன்.

"இப்ப வாணாம் சார்," என்றார் சம்பூர்ணம். "காய் பிடிக்கட்டும். எங்க மாமியாரு காய் பிடிக்கிற வரைக்கும் வரப்புல கத்தி வெக்க வுடமாட்டாங்க."

ஏன் என்று கேட்டேன்.

"ஏன்னுலாம் தெரியாது சார். தும்ப பூத்திருந்தா தேனீ சுத்திக்கினே இருக்கும். அது இருந்தா இது புடிக்கும். அவ்ளோதான்."

எனக்கு அது தெரியாததல்ல. பாடத்தில் படித்ததுதான். ஆனால் படித்தது தேர்வுக்கு. வேலைக்கு நான்காவது கட்டம் இருந்தது. இரண்டு பெண்களை வைத்து வெட்டி முப்பத்தோரு கூடை வெளியே கொட்டினோம். வரப்பு, சிரைத்த தலை மாதிரி பளபளவென்று ஆனது. தேனீக்கள் இருந்தது கிணற்றுச் சுவர்ப் பொந்தில். அதுவரை அவை வரப்புக்கும் வயலுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தன. இனி அவற்றுக்குப் பூசணிப் பூவை விட்டால் வேறு பூ இல்லை. இந்த வாக்கியத்தை இன்று எழுதுகிறேன், அன்று அது எனக்குத் தோன்றவில்லை.

குழு வருவதற்கு முதல் நாள் மதியம் பத்துச் செடிகளைப் பார்த்தேன். நாற்பத்து மூன்று சிவப்பு வண்டுகள். எல்லையைத் தாண்டிவிட்டது, மருந்து எழுதினேன். மருந்தை மாலையில்தான் அடிக்க வேண்டும். பூசணிப் பூ விடியலில் திறந்து, வெயில் ஏறும்போது வாடிவிடும். மாலையில் பூ மூடியிருக்கும், தேனீ கூட்டில் இருக்கும். இதையும் நான் அறிவேன். ஆனால் அன்று மாலை தூறல் பிடித்துக்கொண்டது. அடித்தாலும் கழுவிக்கொண்டு போய்விடும். மறுநாள் விடியற்காலையில் அடிக்கச் சொன்னேன்.

சம்பூர்ணம் தெளிப்பானைத் தோளில் மாட்டியபடி நின்றார். "பூ வாயத் தெறந்துக்கினு இருக்குது சார். இவங்க வந்துட்டுப் போவட்டும். சாயங்காலம் அடிச்சிக்கலாம்."

"சாயங்காலம் அடிச்சா பத்து மணிக்கு வர்றவங்க எதைப் பாப்பாங்க? வண்டைத்தான் பாப்பாங்க," என்றேன்.

அவர் அடித்தார். ஆறு மணியிலிருந்து ஏழேகால் வரை. எட்டுத் தெளிப்பான் தண்ணீர்.

குழு பத்து நாற்பதுக்கு வந்தது. பன்னிரண்டு நிமிஷம் நின்றது. இளநீர் குடித்தார்கள். வரப்பைப் பார்த்துவிட்டு ஒருவர், கோயில் பிரகாரம் மாதிரி இருக்கிறதே என்றார். பலகைக்குப் பக்கத்தில் சம்பூர்ணத்தை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அவர்கள் போனதும் பார்த்தசாரதி சார் என் பக்கம் திரும்பி, "நன்னா இருக்கு," என்றார். அவரோடு வேலை செய்த காலத்தில் அந்த வார்த்தையை அவரிடமிருந்து நான் கேட்டது ஒரே தடவை. அது இந்தத் தடவை.

எட்டு நாள் இடைவெளியில் மூன்று முறை அடிக்க வேண்டும் என்பது பரிந்துரை. மற்ற இரண்டு முறையும் விடியலிலேயே அடிக்கச் சொன்னேன். அப்போது குழுவும் இல்லை, தூறலும் இல்லை. முதல் முறை எந்த நேரமோ அதே நேரத்தில் அடித்தால்தான் ஒப்பிடும் கணக்கு சுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். வண்டு நாற்பத்து மூன்றிலிருந்து ஒன்பதானது. ஒன்பது இரண்டானது. பார்த்தசாரதி சார் பேனா மூடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

பிஞ்சுகள் மஞ்சளித்து உதிரத் தொடங்கின. முதலில் பத்து, இருபது. பிறகு எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தது. கடைசியில் இருநூற்றுப் பன்னிரண்டு முடிச்சுகளில் காய் நின்றது பத்தொன்பதில். மற்ற கணுக்களில் சிவப்பு நூல் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நோய் என்று நினைத்தேன். இலையைப் பார்த்தேன், வேரைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் விடியற்காலையில் போய், பின்னால் வந்த பெண் பூக்களில் பத்தைத் தேர்ந்து, ஆறிலிருந்து ஏழு வரை அவற்றின் முன்னால் உட்கார்ந்தேன். பூச்சி எண்ணிப் பழகியவன், வாழ்க்கையில் முதல்முறையாகத் தேனீயை எண்ண உட்கார்ந்தேன். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் ஒன்று. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் ஒன்றும் இல்லை. கிணற்றுப் பொந்தருகே போய்க் காதை வைத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை.

ஐந்தாம் நாள் ஆண் பூக்களைப் பறித்து, இதழைப் பிய்த்துவிட்டு, நடுத்தண்டைப் பன்னிரண்டு பெண் பூக்களில் தடவி, மஞ்சள் நூல் கட்டினேன். சம்பூர்ணம் தண்ணீர்க் குடத்தோடு வந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார், கல்யாணப் பூசணிக்கு நீங்களே கல்யாணம் பண்ணி வெக்கிறீங்களா?" என்று சிரித்தார்.

சோதனை என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பன்னிரண்டில் பத்து பிடித்தது. கொடியில் கோளாறு இல்லை, மண்ணில் இல்லை, தண்ணீரில் இல்லை. கோளாறு எது என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. ஆனால் ஆவணி பாதி கடந்துவிட்டது. எல்லாப் பூவிலும் தடவினாலும் ஆயுத பூஜைக்குள் முற்றாது.

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். வரப்பு வெட்டியதால் மாற்றுப் பூ இல்லாமல் போனது, பூ திறந்த நேரத்தில் மூன்று முறை மருந்து அடித்தது, தேனீ அழிந்தது. நான்கு நாள் எண்ணிக்கையையும் பன்னிரண்டு பூக்களின் சோதனையையும் தனித்தாளில் இணைத்தேன். பார்த்தசாரதி சார் மூடியைக் கழற்றினார். கூட்டுத்தொகையைப் பார்த்தார். கீழிருந்து மேலாக வந்தார். படித்தார். இரண்டாவது தடவை படித்தார். மூடியை மாட்டினார்.

"எண்ணிக்கையிலே தப்பே இல்லை," என்றார். "ஆனா மருந்து எழுதினது உம்ம கை. ஒப்பம் என் கை. இந்தக் 'காரணம்'கிற கட்டம் எவ்வளவு பெருசுன்னு பாரும். ரெண்டு வார்த்தைதான் கொள்ளும். அதுக்கு மேலே எழுதினா வழிஞ்சு வெளியிலே வரும்."

என் மேஜைக்குத் திரும்பிவந்து கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஓய்வூதியத்துக்கு ஐந்து வருஷம், மூத்த பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் என்றெல்லாம் என்னிடம் காரணங்கள் இருந்தன. அவற்றை இங்கே எண்ணப் போவதில்லை. 'அதிக வெப்பம்' என்று எழுதினேன். இரண்டு வார்த்தை. கட்டத்துக்குள் சரியாக இருந்தது.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை.

மறு வாரம் சம்பூர்ணம் அலுவலக வாசலுக்கு வந்தார். மைத்துனர்கள் ஞாயிற்றுக்கிழமை நிலத்துக்கு வருகிறார்களாம். "நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லணும் சார். எனக்காவ பேச வாணாம். நடந்தது இன்னான்னு சொல்லுங்க போதும். நெலத்து மேல தப்பு இல்ல, கை மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சா இன்னொரு போகம் வுடுவாங்க."

போனேன். கிணற்று மேட்டில் நின்றோம். மூத்த மைத்துனர் கெட்ட மனிதரல்ல. எனக்கு நிழலாகப் பார்த்து இடம் விட்டார். "சார், அண்ணிக்கு வெவசாயம் வராதுன்னு நாங்க சொன்னா நாங்க கெட்டவங்க ஆயிடுவோம். நீங்க படிச்சவரு. வந்து வந்து எண்ணிப் பாத்தவரு. நீங்களே சொல்லுங்க. இன்னா ஆச்சி இதுக்கு?"

சிவப்பு நூல்கள் கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தன. "இந்த வருஷம் வெயில் அதிகம்," என்றேன். அவர் இன்னும் என் முகத்தையே பார்த்தார். "தண்ணியும் சீரா பாயலை," என்றேன்.

முதல் வாக்கியம் அலுவலகத்துடையது. இரண்டாவது என்னுடையது. அதை யாரும் எனக்கு எழுதிக்கொடுக்கவில்லை, எந்தக் கட்டமும் கேட்கவில்லை. சம்பூர்ணம் ஒரு நாள்கூடத் தண்ணீர் தவறவிட்டவரல்ல. நாலு நாளைக்கு ஒரு தண்ணீர், என் குறிப்பேட்டிலேயே தேதிவாரியாக இருக்கிறது.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. கீழே வைத்திருந்த கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "சரி சார். நீங்க எண்ணித்தான் சொல்வீங்க," என்றார். பிறகு வீட்டுப் பக்கம் நடந்தார்.

ஆயுத பூஜைக்கு அவரால் அந்த நெசவுத் தெருவுக்குக் கொண்டுபோக முடிந்தது பத்தொன்பது காய்கள். அறுபது வீடுகளுக்கு மேல் உள்ள தெரு. தையில் நிலம் கைமாறியது. சித்திரையில் நான் பேருந்தில் அந்தப் பக்கம் போனபோது மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக் கற்கள் நட்டிருந்தார்கள். பேருந்து போகிற வேகத்தில் இருபத்திரண்டு எண்ண முடிந்தது. பலகையை யாரும் பிடுங்கவில்லை. அதன் மேலேயே மனைப்பிரிவின் விளம்பரத்தை ஒட்டியிருந்தார்கள்.

நிர்மலா கேட்டுக்கொண்ட பிறகு இந்தக் கட்டுரையை மூன்று தடவை தொடங்கினேன். மூன்றிலும் சம்பூர்ணம் வரவில்லை. மல்லிகை வந்தது, கறிவேப்பிலை வந்தது, சட்டியும் கூழாங்கல்லும் வந்தன. நான்காவது தடவை பேனாவை வைத்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை என் வீடு இருக்கும் செவிலிமேட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறித் திருப்புட்குழிக்குப் போனேன். முழங்கால் வலியோடு படியேறினேன், இறங்கினேன். அவர் இருப்பாரோ மாட்டாரோ என்று வழியெல்லாம் கவலை. இருந்தால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய கவலை.

இருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க சார், கல்யாணம் பண்ணி வெச்சவரே," என்று நாற்காலி எடுத்துப் போட்டார்.

இப்போது ஒரு கம்பெனியில் தோட்ட வேலைக்குப் போகிறாராம். காலையில் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். பெரிய புல்தரை. வரிசையில் வைத்த செடியைத் தவிர வேறெது தலைகாட்டினாலும் வெட்டிவிட வேண்டும். "பூ வந்துட்டா சூப்பர்வைசரு திட்டுவாரு சார். புல்லுல பூவு வரக்கூடாதாம்," என்று சிரித்தார். மகன் வேறு ஊரில் இருக்கிறான், பணம் அனுப்புகிறான், குறையொன்றும் இல்லை என்றார்.

டீ வந்தது. ஆறிப்போகும்வரை குடிக்காமல் கையில் வைத்திருந்தேன். பிறகு சொன்னேன். வரப்பு, விடியல், மருந்து, நான்கு நாள் எண்ணியது, இரண்டு வார்த்தை எழுதியது, கிணற்று மேட்டில் தண்ணீரின் மேல் பழி போட்டது. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த துணியை எடுத்து மடித்தபடியே பேசினார்.

"எனக்குத் தெரியும் சார். மருந்தடிச்ச மொத நாளே தெரியும். அவங்கள்லாம் எளநி குடிச்சிக்கினு இருந்தப்ப, கெணத்து மேட்டுப் பக்கம் போனேன். கொத்தா உழுந்து கெடந்துது. காலுல மெறிக்கப்போறாங்கன்னு மொறத்துல வாரிப்போட்டேன். எல்லாத்தையும் எண்ணுறாரே, இத எண்ணலயேன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏம்மா மருந்து அடிச்சீங்க? ரெண்டாவது, மூணாவது?"

"நீங்கதான சார் அடிக்கச் சொன்னீங்க."

"மைத்துனர்கிட்ட நீங்களே சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா யாரு கேப்பா? என் கைய மறைக்கக் கத சொல்றேன்னு சொல்லியிருப்பாங்க. அதுக்குத்தான உங்கள வரச் சொன்னேன்."

கையில் ஆறிப்போயிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்தேன். அவருக்குத்தான் என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும், பேச்சை மாற்றினார். வீட்டில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். தொட்டிகளைப் பற்றிச் சொன்னேன். கீழே சுவர் ஓரம் ஆறடி மண் இருக்கிறது, அதில் ஒரே ஒரு கல்யாணப் பூசணிக் கொடி என்றேன். அவர் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"தேனீ வருதா?"

"நேத்து காலையில ஒரு மணி நேரத்துல பதினொண்ணு."

"பதினொண்ணு பத்தாது சார்," என்றார் உடனே. "காய் ஒண்ணு ரெண்டுதான் நிக்கும். கிட்ட தும்ப இருக்குதா?"

"இருக்கும்மா," என்றேன்.

"அத மட்டும் கை வெக்காதீங்க," என்றார்.

தெருமுனை வரை வந்து வழியனுப்பினார். பேருந்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. நிலம் இருந்த இடத்தைத் தாண்டும்போது இந்த முறை எதையும் எண்ணவில்லை. செவிலிமேட்டில் இறங்கி வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

காலையில் கிளம்பும் முன், தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்று, சுவர் ஓரத்துத் தும்பையைக் களையோடு களையாக நானே பிடுங்கி வாசலில் போட்டிருந்தேன். வெயிலில் துவண்டு கிடந்தது. ஏழு செடி. ஏழிலும் பூ இருந்தது.